தீ தொடாத வீடுகள்

காட்டுத்தீ அடங்கி நாலு நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள். பெரியம்மா மகள், அமெரிக்காவின் மேற்குப் பக்கம் ஒரு மலையடிவாரத்தில் குடும்பத்தோடு இருக்கிறாள். பத்து நாளாகத் தோழி வீட்டு ஹாலில் பிள்ளைகளோடு படுத்துக் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தாள். "வீடு தப்பிச்சிருச்சுடா. ஒரு ஓடு கூட கருகல. பின்னாடி மலை மட்டும்தான் மொத்தமா கருப்பா நிக்குது" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சந்தோஷப்பட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன். வைத்த பிறகு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. பின்னாடி மலை மட்டும்தான்.

அது உறுத்தியதற்குக் காரணம் உண்டு. கலிபோர்னியாவின் மான்டெசிட்டோ என்ற ஊரைப் பற்றி அதற்கு முன்பே நிறையப் படித்திருந்தேன். 2017 டிசம்பர் 4 அன்று தொடங்கிய தாமஸ் காட்டுத்தீ சுமார் 1,140 சதுர கிலோமீட்டரை எரித்தது. மான்டெசிட்டோவுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு முழுக்க எரிந்தது, ஆனால் தீயணைப்பு வீரர்கள் ராப்பகலாகப் போராடி ஊரைக் காப்பாற்றிவிட்டார்கள், எரிந்த வீடுகள் மிகச் சில. மக்கள் திரும்பி வந்தார்கள், சாம்பலைக் கூட்டினார்கள், கிறிஸ்துமஸ் கொண்டாடினார்கள். 2018 ஜனவரி 9, விடிகாலை மூன்றரை மணிக்கு மேல் ஐந்தே நிமிடத்தில் அரை அங்குலத்துக்கும் அதிகமாக, சுமார் 13 மில்லிமீட்டர், மழை கொட்டியது. மலையிலிருந்து சேறும் மரங்களும் கார் அளவுப் பாறைகளும் ஓடைகள் வழியாக இறங்கித் தூங்கிக்கொண்டிருந்த ஊரின் நடுவே புகுந்து கடல்வரை போயின. 23 பேர் இறந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சேதமாயின.

அந்தத் தீயால் நேரடியாக இறந்தவர்கள் 2 பேர். மழையில் இறந்தவர்கள் 23 பேர். இன்னொன்று, அந்தத் தீ முழுதாகக் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அதிகாரிகள் அறிவித்ததே ஜனவரி 12ஆம் தேதிதான். அதாவது தீ முடிந்தது என்று சொல்வதற்கு மூன்று நாள் முன்பே அடுத்தது வந்து போயிருந்தது. இந்தத் தேதிகளைப் பார்த்த நாளிலிருந்து தீயை ஒன்றாகவும் வெள்ளத்தை வேறொன்றாகவும் என்னால் நினைக்கவே முடியவில்லை.

மறுநாள் நானே அக்காவைக் கூப்பிட்டேன். பயமுறுத்துகிறேனோ என்று தயக்கமாகத்தான் இருந்தது. "வீட்டுக்குப் பின்னாடி ஓடை ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "ஓடைன்னு சொல்ல முடியாதுடா, ஒரு சின்னப் பள்ளம், வருஷத்துல பாதி நாள் காய்ஞ்சுதான் கிடக்கும்" என்றாள். சரி, அங்கிருந்துதான் பேச்சு தொடங்கியது.

காடு உயிரோடு இருக்கும்போது மழையை என்ன செய்கிறது என்று நாம் யோசிப்பதே இல்லை. முதலில் இலைகள் மழைத்துளியின் வேகத்தைக் குறைக்கின்றன. கீழே விழும் தண்ணீரைச் சருகு மெத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கும் கீழே வேர்களும் புழுக்களும் போட்டுவைத்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் போகிறது. நல்ல காட்டில் கனமழை பெய்தாலும் சரிவின் மேல்பரப்பில் தண்ணீர் ஓடுவது அபூர்வம். தீ ஒரே நாளில் இதெல்லாவற்றையும் எடுத்துவிடுகிறது. துளி நேராக வெறும் மண்ணில் அடிக்கிறது. சாம்பல் மண்ணின் துளைகளை அடைக்கிறது.

அதோடு நிற்பதில்லை. செடிகளிலும் சருகிலும் மெழுகு போன்ற பொருட்கள் இருக்கின்றன. அவை வெப்பத்தில் ஆவியாகி, ஒரு பங்கு கீழே மண்ணுக்குள் இறங்கி, சில சென்டிமீட்டர் ஆழத்தில் குளிர்ந்து மண்துகள்கள் மேல் படிகின்றன. அந்த மண் தண்ணீரை ஏற்காது. எனக்கு இதைப் படித்தபோது முழு நம்பிக்கை வரவில்லை. அக்காவிடம், மலைமேல் ஏறாதே, வேலி ஓரத்தில் சமதரையாக எரிந்த இடத்தில் சாம்பலை லேசாக விலக்கி பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார் என்றேன். வீடியோ அனுப்பினாள். மண்மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, தாமரை இலையில் நிற்பதுபோல. அரை நிமிடம், ஒரு நிமிடம், அப்படியே நிற்கிறது. வறண்டு கிடக்கும் மண் தண்ணீரைக் கண்டால் குடித்துவிடும் என்றுதானே இத்தனை வருஷம் நினைத்திருந்தோம். அந்த வீடியோவை அவள் அத்தானிடம் காட்டியபோதுதான் அவர் முதல்முறையாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து கேட்டாராம்.

மழை வருவதற்கு முன்பே கீழே வர வேண்டிய சரக்கு தயாராகத் தொடங்கிவிடும். செங்குத்துச் சரிவில் புதர்கள் பிடித்துவைத்திருந்த மண்ணும் கல்லும், புதர் எரிந்ததும், மழையே இல்லாமல் தானாகச் சரசரவென்று உருண்டு ஓடைப் பள்ளத்தில் சேரும். பிறகு மழை வரும்போது சரிவெங்கும் விரல் அகலத்தில் சிறு ஓட்டங்கள் பிறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, பள்ளத்தில் கிடக்கும் சரக்கை அள்ளிக்கொண்டு, போகப் போகக் கரையையும் அடியையும் அரித்து இன்னும் சேர்த்துக்கொண்டே இறங்கும். ஒரு கட்டத்தில் அது தண்ணீரே அல்ல. பாதிக்கும் மேல் கல்லும் மண்ணுமாக, கலந்து கொட்டும் கான்கிரீட் மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் இதை டெப்ரி ஃப்ளோ என்கிறார்கள், நான் கற்சேறு என்றே எழுதிக்கொள்கிறேன், அப்படித்தான் இருக்கும் என்பதால். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில்கூட வரும். பெரிய பாறைகள் அடியில் தங்காமல் முகப்புக்கு வந்துவிடும், அதனால் வீட்டுச் சுவரில் முதலில் மோதுவது சேறு அல்ல, பாறை. சிறுபாலங்களில் மரமும் பாறையும் அடைத்துக்கொண்டால் ஓடையை விட்டு வெளியேறித் தெருவழியே போகும். எந்தத் தெரு என்று முன்கூட்டிச் சொல்வது கஷ்டம்.

இதில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. சாதாரண மண்சரிவுக்கு நாள்கணக்கில் மழை பெய்து மண் ஊறிப்போக வேண்டும். எரிந்த மலைக்கு அது தேவையே இல்லை. முதல் மழையே போதும். மொத்தம் எவ்வளவு பெய்தது என்பதை விட எவ்வளவு வேகமாகப் பெய்தது என்பதுதான் கணக்கு. ராத்திரி முழுக்கச் சிணுங்கிக்கொண்டு பெய்யும் மழை ஒன்றுமே செய்யாமல் போகலாம், பத்து நிமிடக் கொட்டு ஓர் ஊரையே புரட்டலாம். தெற்கு கலிபோர்னியாவின் எரிந்த மலைகளில் அரை மணி நேரத்தில் 7 மில்லிமீட்டர் மழைக்கே கற்சேறு கிளம்பியிருப்பதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. 7 மில்லிமீட்டர் என்பது குடை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மழை. அதனால்தான் அங்கே கணக்கை 15 நிமிட மழையின் வேகத்தை வைத்துப் போடுகிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் தீக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து எங்கே எவ்வளவு கடுமையாக எரிந்தது என்று கண்டுபிடித்து, அதோடு சரிவின் செங்குத்தும் மண்ணின் தன்மையும் சேர்த்து, ஒவ்வொரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் இத்தனை வேகத்தில் மழை பெய்தால் கற்சேறு வர இத்தனை வாய்ப்பு என்று வரைபடம் போடுகிறார்கள். அந்த வரைபடம் பெரிய தீ ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் யாரும் பார்க்கும்படி வருகிறது. அக்கா வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்னப் பள்ளம் அதில் சிவப்பாக இருந்தது.

சிவப்பைப் பார்த்ததும் அத்தான் அன்று சாயந்திரமே மணல் மூட்டை வாங்கி வந்து வாசலில் அடுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கை சும்மா இருக்க மறுக்கும் நேரம் அது. வாசல்வரை வரும் மெல்லிய சேற்றுத் தண்ணீரை மணல் மூட்டை திருப்பிவிடும், பக்கத்தில் ஓடும் சிறு ஓட்டத்தைத் தடுக்கும். ஆனால் கான்கிரீட் கலவைபோல வரும் பாறைக் கூட்டத்தின் முன் அது ஒன்றுமே இல்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கடைசியில் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "எங்க தெருவுல ஒரு வீடு கூட எரியலையே, அப்புறம் எங்களுக்கு எப்படி?" இந்தக் கேள்விக்குப் பதிலாக நான் சொல்வது அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் பக்கம் நடந்தது. 2010 ஜூன் 20 அன்று ஷுல்ட்ஸ் தீ தொடங்கியது. மலைக்காடு எரிந்தது, ஒரு வீடும் எரியவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 20, மழை. எரிந்த சரிவுகளிலிருந்து வந்த வெள்ளம் கீழே இருந்த குடியிருப்புகளுக்குள் புகுந்தது. 12 வயதுச் சிறுமி ஒருத்தி வெள்ளத்தில் போய்விட்டாள். தீயில் ஒரு சுவர்கூடக் கருகாத குடியிருப்புகள் அவை. தீயின் எல்லையும் வெள்ளத்தின் எல்லையும் ஒன்றல்ல. தீ காற்றோடு மேலே ஏறும், கற்சேறு ஓடையோடு கீழே வரும். தீயிலிருந்து தள்ளி இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும் வீடு ஓடையின் வாயில் இருக்கலாம்.

மலையிலிருந்து ஓடை சமவெளிக்கு வந்து விழும் இடத்தில் விசிறிபோல விரிந்த மேட்டு நிலம் ஒன்று இருக்கும், பள்ளிக்கூடத்தில் வண்டல் விசிறி என்று படித்திருப்போம். மெல்லிய சாய்வு, நல்ல காற்று, தூரத்துக் காட்சி, வீடு கட்ட இதைவிட அழகான இடம் கிடைக்காது. அந்த விசிறியைப் போட்டதே பழைய வெள்ளங்களும் கற்சேறும்தான். மான்டெசிட்டோ தோட்டங்களில் பெரிய பெரிய மணற்பாறைகள் கிடக்கும், அதையே உடைத்து மதில் கட்டியிருக்கிறார்கள். எந்த மனிதரும் கொண்டுவந்து போட்ட பாறை அல்ல. 1964இலும் அங்கே தீக்குப் பின் இதேபோல நடந்திருக்கிறது. அக்காவிடம் உன் தோட்டத்தில் பெரிய கல் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடுவார்கள் என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

பழைய கதைகளில் என்னை அதிகம் பாதித்தது 1934 புத்தாண்டு இரவு. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே லா கிரெசென்டா பள்ளத்தாக்கு. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1933 நவம்பரில், மேலே மலை எரிந்திருந்தது. கனமழை தொடங்கியதும் மக்கள் பாதுகாப்பான இடம் என்று நம்பி ஊர் மண்டபம் ஒன்றில் போய்த் தங்கினார்கள். கற்சேறு அந்த மண்டபத்துக்குள்ளேயே புகுந்தது, உள்ளே இருந்த 12 பேர் இறந்தார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் 40 பேருக்கும் மேல். தப்பிக்க ஓடிப்போய் நின்ற இடமே ஓடையின் வழியில் இருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அதற்குப் பிறகு அந்த மாவட்டம் மலை வாய்களில் பெரிய தொட்டிகள்போல அணைத்துக் கட்டி, பாறையையும் சேற்றையும் அங்கேயே பிடித்துவைக்கும் வேலையைப் பெரிய அளவில் செய்தது. இன்றும் அந்தத் தொட்டிகள்தான் பல ஊர்களைக் காக்கின்றன. ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வண்டி வைத்து அள்ளிக் காலி செய்தால்தான் அடுத்த மழைக்கு அவற்றில் இடம் இருக்கும்.

அப்புறம், 2003 கிறிஸ்துமஸ் நாள். சான் பெர்னார்டினோ மலையில் வாட்டர்மேன் பள்ளத்தாக்கு, இரண்டு மாதம் முன்பு எரிந்த இடம். பண்டிகைக்காகக் குடும்பங்கள் கூடியிருந்த ஒரு முகாமுக்குள் கற்சேறு வந்தது. 14 பேர். குழந்தைகளும் அதில் இருந்தார்கள்.

எத்தனை நாளைக்கு இந்தப் பயம் என்று அக்கா கேட்டாள். இரண்டு வருஷம்தான் மிக மோசம், ஆனால் அதோடு முடிவதாகச் சொல்ல முடியாது. நியூ மெக்சிகோவின் ருய்டோசோவில் 2024 ஜூனில் தீ வந்தது, சுமார் 1,400 கட்டடங்கள் போயின. ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, 2025 ஜூலை 8 அன்று, எரிந்த மலையில் மழை பெய்து ஆற்று மட்டம் ஒரு மணி நேரத்துக்குள் 20 அடியைத் தாண்டியது. மூன்று பேர் இறந்தார்கள், அதில் இரண்டு பேர் சிறு பிள்ளைகள். கொலராடோவில் 2020இல் எரிந்த கேமரன் பீக் பகுதியில் 2021 ஜூலை 20 மழை பிளாக் ஹாலோ ஓடை வழியாக வந்து ஆற்றோர வீடுகளை அடித்துக்கொண்டு போனது, நான்கு பேர் இறந்தார்கள். புல்லும் புதரும் திரும்ப முளைக்க முளைக்க மண்ணின் அந்த மெழுகுத்தன்மை போய்விடும், ஆபத்து குறையும். ஆனால் எரிந்த மரங்களின் வேர் சில வருஷத்தில் மக்கிப்போய் மண்ணைப் பிடித்திருந்த பிடி தளரும். அப்போது வருவது வேறு வகை, நாள்கணக்கில் ஊறி இறங்கும் பழைய பாணி மண்சரிவு. மலை பச்சையாகத் தெரிகிறதே என்று அதற்குள் நாம் மறந்திருப்போம்.

வீட்டில் வந்து மோதுவதோடும் இது போய்விடுவதில்லை. நியூ மெக்சிகோவில் லாஸ் வேகஸ் என்றே பெயருள்ள ஒரு சிறிய நகரம் இருக்கிறது. 2022 தீக்குப் பிறகு மழை ஆற்றில் சாம்பலைக் கொண்டுவந்ததால் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கவே முடியாமல், கைவசம் சுமார் 50 நாளுக்கான குடிநீர்தான் என்ற நிலைக்கு வந்தது. சாலைகளும் அப்படித்தான். 2021இல் கொலராடோவின் கிளென்வுட் பள்ளத்தாக்கில் நாட்டின் முக்கிய நெடுஞ்சாலை ஒன்று இரண்டு வாரம் மூடிக் கிடந்தது.

காப்பீடு விஷயம் தனியாக எழுத வேண்டிய அளவுக்குப் பெரியது. அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பொதுவாக வெள்ளம் சேராது. அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் வழக்கமாக 30 நாள் காத்திருக்க வேண்டும், அரசு நிலத்தில் எரிந்த தீயால் வரும் வெள்ளத்துக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. அக்காவிடம் மணல் மூட்டைக்கு முன்னால் இதை முடி என்றேன். மேகம் கூடிய பிறகு கையெழுத்துப் போட்டு என்ன பயன்.

இத்தனைக்கும் பிறகு, உயிர் தப்புவது ஒரே ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்: மழைக்கு முன்னால் வீட்டை விட்டுப் போவது. மழை தொடங்கிய பிறகு அல்ல, எச்சரிக்கைச் சத்தம் போனில் வந்த பிறகு அல்ல. மலையில் கொட்டு மழை தொடங்கி வீட்டுக்குக் கற்சேறு வந்து சேர சில நிமிடங்கள்தான் ஆகும். தேசிய வானிலைச் சேவை எரிந்த மலைகளுக்கென்று தனி மழை அளவுகள் வைத்துக்கொண்டு எச்சரிக்கிறது, நல்ல ஏற்பாடு, ஆனால் அந்த அளவை மழை தொட்டுவிட்டது என்று தெரியும்போது ஓடுவதற்குச் சாலை இருக்காது. மான்டெசிட்டோவில் கைபேசிகளுக்கு அவசரச் செய்தி போனபோது சேறு இறங்கத் தொடங்கியிருந்தது. அங்கே முந்தின நாளே வெளியேறச் சொல்லியிருந்தார்கள். ஆனால் சாலை ஒன்றுக்கு மேல்பக்கம் கட்டாயம், கீழ்பக்கம் உங்கள் விருப்பம் என்று பிரித்திருந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் விருப்பம் என்று சொல்லப்பட்ட பக்கத்தில் இருந்தவர்கள். அவர்களை அலட்சியக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. டிசம்பரில் நாள்கணக்கில் தீக்காக வீட்டை விட்டு வெளியே கிடந்தவர்கள். திரும்பி வந்து பெட்டியைப் பிரித்து மூன்று வாரம்கூட ஆகாதவர்கள். மறுபடியும் போ, இந்த முறை ஒரு மழைக்காக என்றால் எந்த மனிதருக்குத்தான் கால் எழும்? வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் பரவாயில்லை என்று சொன்னால் நம்பத்தானே செய்வார்கள்.

அதே ஊரில் 2023 ஜனவரி 9 அன்று, நாள் மாறாமல் ஐந்து வருஷம் கழித்து, பெருமழை வந்தபோது கோடெல்லாம் போடாமல் ஊர் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். சரியான முடிவு என்று நினைக்கிறேன், எத்தனை பேருக்குச் சிரமமானாலும்.

போக முடியாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு பேசி வைத்திருக்கிறார்கள். காரை எடுக்கக் கூடாது, இருட்டில் சேறு ஓடும் தெருவில் கார் ஒரு பெட்டி மாதிரிதான். மாடிக்குப் போக வேண்டும், ஓடைப் பக்கம் இல்லாத அறைக்கு. ரயில் வருவதுபோல அதிர்வும் இரைச்சலும் கேட்டால், அல்லது ஓடிக்கொண்டிருந்த ஓடைத் தண்ணீர் திடீரென்று நின்றுபோனால், எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. ஓடை நின்றுபோவது நல்ல சேதி அல்ல, மேலே எங்கோ அடைத்துக்கொண்டு சேர்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சின்னவள் இதைக் கேட்டுவிட்டு, என் பூனை எந்த அறையில் இருக்கும் என்று கேட்டாளாம். பூனைக்கும் ஒரு கூடை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

மழைக்காலம் தொடங்கி இதுவரை அவர்கள் நான்கு முறை வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நான்கு முறையும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு முறை மழை பக்கத்து மலையில் பெய்துவிட்டுப் போனது, ஒரு முறை தூறல், ஒரு முறை பள்ளத்தில் முழங்கால் அளவு கருப்புத் தண்ணீர் ஓடி நின்றுவிட்டது. மூன்றாவது முறை திரும்பி வந்தபோது அக்கா போனில் சலித்துக்கொண்டாள். "பிள்ளைங்களுக்கு ஸ்கூல் போச்சு, எனக்கு லீவு போச்சு, அக்கம்பக்கத்துல யாருமே போகலடா, எங்களைப் பார்த்துப் பாவமா சிரிக்கிறாங்க." என்னிடம் அதற்கு நல்ல பதில் எதுவும் இல்லை. திரும்பி வந்து பூட்டைத் திறக்க முடிந்ததே அக்கா என்று மட்டும் சொன்னேன்.

இந்த வாரம் வியாழக்கிழமை ராத்திரிக்கு மறுபடியும் மழை சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்துக்கொண்டே நேற்று போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள், "பை கார்லதான்டா இருக்கு, போன தடவை இறக்கவே இல்ல. வியாழன் மத்தியானமே கிளம்பிடுவோம். எதிர் வீட்டுப் பாட்டியும் எங்க கூட வர்றாங்க."